நுவரெலியாவுக்குப் பழைய ஈ-ட்ரோன்: வண்டிக்கு முன் மெயின் போர்டைப் பாருங்கள்

நுவரெலியா நகருக்குச் சற்று வெளியே வசிக்கும் வாசகர் ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். கட்டாரில் பதினொரு வருடம் வேலை செய்து திரும்பியவர். தோட்டத்துக்குப் பக்கத்தில் காணி வாங்கி வீடு கட்டி, மேல்மாடியில் மூன்று அறைகளை வெளிநாட்டுப் பயணிகளுக்கு விடுகிறார். விருந்தினரை அழைத்துவரவும் குடும்பத் தேவைக்கும் சேர்த்து ஒரே வாகனமாக மின்சாரக் கார் வாங்க நினைக்கிறார். கொழும்பில் ஒருவர் 2019 ஆம் ஆண்டு அவுடி ஈ-ட்ரோன் 55 ஒன்றை விற்கிறார். முதலில் இங்கிலாந்தில் ஓடிய வண்டி. மீற்றரில் 41,000 கி.மீ. மற்றவர்கள் கேட்பதைவிடப் பதினெட்டு இலட்சம் குறைவு, ஆனால் இரண்டு நாளில் அட்வான்ஸ் வேண்டுமாம். வாகனப் பதிவுப் புத்தகம் வேறொருவர் பெயரில் இருக்கிறது. "ஓபன் பேப்பர் கையில் இருக்கு, பயப்பட வேண்டாம்" என்கிறார் விற்பவர்; அதாவது, உரிமை மாற்றப் படிவத்தில் அந்த உரிமையாளரின் கையெழுத்து மட்டும் இருக்கிறதாம். பேட்டரிக்கு எட்டு வருட வாரண்டி என்றும் சொல்லியிருக்கிறார்.

வாசகரின் கணக்கு இது: மலை ஏறச் செலவாகும் சார்ஜ் இறங்கும்போது திரும்பிவிடும், வீட்டு ப்ளக்கில் இரவு போட்டால் விடியும்போது நிரம்பியிருக்கும், ஓட்டம் குறைவு என்பதால் பேட்டரி புதிது மாதிரிதான். மனைவிக்கு, நுவரெலியாக் குளிர் பேட்டரியைக் கெடுத்துவிடுமோ என்ற பயம். அப்பாவின் கேள்வி வேறு: "மழையில சார்ஜ் போட்டா கரண்ட் அடிக்காதா?"

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் அந்த இரண்டு நாள் கெடுவை மறந்துவிடுங்கள். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில் மறுபடி திறந்தது. இடையில் எந்தப் பழைய வண்டியும் கேட்ட விலைக்குப் போனது. இப்போது புதிய மின்வாகனங்கள் வரிசையாக வந்து இறங்குகின்றன. ஆறேழு வயதான விலையுயர்ந்த மின்காரை வைத்திருப்பவருக்குத்தான் அவசரம், உங்களுக்கு இல்லை. இந்த வண்டி போனால் இன்னொன்று வரும்.

வண்டி கெட்ட வண்டி என்று சொல்ல வரவில்லை. ஈ-ட்ரோன் 55 உறுதியாகச் செய்யப்பட்ட கார். நான்கு சக்கர இழுவையும் காற்றுச் சஸ்பென்ஷனும் மலைப் பாதைக்குப் பொருத்தமானவை. உள்ளே சத்தமே இருக்காது. விருந்தினர் விரும்புவார்கள். ஆனால் நீங்கள் வண்டியை விலையாலும் மீற்றராலும் எடைபோடுகிறீர்கள். உங்கள் விஷயத்தில் முடிவு செய்ய வேண்டியவை வேறு இரண்டு: உங்கள் வீட்டு மின் இணைப்பு, அந்தப் பேட்டரியில் இன்று மிச்சமிருக்கும் கொள்ளளவு. முதலாவதைப் பார்க்கக் கொழும்புக்குப் போகவே தேவையில்லை.

வீட்டு மெயின் போர்டு

பெரும்பாலான வீடுகளைப் போல உங்களுக்கும் ஒற்றைக் கட்ட (சிங்கிள் ஃபேஸ்) 30 ஆம்ப் இணைப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். 230 வோல்ட்டில் 30 ஆம்ப் என்றால் மொத்தமே 6.9 கிலோவாட். அதற்குள் என்னென்ன இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். மேல்மாடியில் மூன்று உடனடிச் சுடுநீர் ஷவர்கள். ஒன்று 3.5 கிலோவாட், அதாவது 15 ஆம்ப். காரை 16 ஆம்ப்பில் சார்ஜில் போட்டிருக்கும்போது விருந்தினர் ஒருவர் ஷவரைத் திறந்தால் 31 ஆம்ப். கீழே கேத்தலையும் போட்டால் மெயின் விழும். நுவரெலியாவில் பாதிக் குளியலில் சுடுநீர் நின்ற விருந்தினர் அடுத்த நாள் என்ன எழுதுவார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சாதாரண 13 ஆம்ப் ப்ளக்கில் போடும் கையடக்கச் சார்ஜர் 10 ஆம்ப் இழுக்கும், 2.3 கிலோவாட். இந்தக் காரில் பயன்படுத்தக்கூடிய பேட்டரி 83.6 யூனிட் (ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி). வெறுமையிலிருந்து நிரம்ப, இழப்பையும் சேர்த்தால், சுமார் 40 மணி நேரம். இரவு ஏழு மணி நேரத்தில் பேட்டரிக்குள் போவது 14 அல்லது 15 யூனிட். அறுபது, எழுபது கிலோமீற்றர் ஓட்டத்துக்கு ஆகும். நகருக்குப் போய்வர அது போதும், கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போதாது. பழைய உருண்டை முள் 15 ஆம்ப் பொயின்ட்டில் அடாப்டர் மாட்டிப் போடுவதை மட்டும் செய்யாதீர்கள். கேத்தல் மூன்று நிமிடம் இழுக்கும், கார் பத்து மணி நேரம் இழுக்கும். தளர்ந்த முள் மெல்லச் சூடாகி, பிளாஸ்டிக் பழுப்பாகி, ஒருநாள் கருகும்.

ஈ-ட்ரோனின் உள் சார்ஜர் மூன்று கட்டத்தில் 11 கிலோவாட் வாங்கும்; ஒரு கட்டத்துக்கு 16 ஆம்ப்தான். மூன்று கட்ட 30 ஆம்ப் இணைப்புக்கு மாறினால் இரண்டு நன்மை. ஒன்று, 20 வீதத்திலிருந்து 80 வீதத்துக்கு நாலரை முதல் ஐந்து மணி நேரத்தில் ஏறிவிடும். மற்றது பலருக்குத் தெரியாது: மூன்று கட்ட இணைப்புள்ள வீட்டுப் பாவனையாளர், நேரத்துக்கு நேரம் விலை மாறும் கட்டண முறையைக் கேட்டுப் பெறலாம். அதில் இரவு 10.30 முதல் காலை 5.30 வரை மலிவு, மாலை 6.30 முதல் 10.30 வரை மிக விலை. நீங்கள் மாதம் 1,500 கி.மீ. ஓடுவதாகக் கணக்கிட்டிருக்கிறீர்கள், அதற்கு இழப்போடு 400 யூனிட்டளவு வேண்டும். இப்போது உங்கள் பில் 110 யூனிட். பழைய முறையிலேயே இருந்தால் அந்த 400-ல் பெரும்பகுதி 180-க்கு மேற்பட்ட, மிக விலையான படியில் விழும். மாறினால் விருந்தினர் மாலையில் குளிக்கும் சுடுநீரின் விலை கூடும் என்பதையும் கணக்கில் எடுங்கள். கடந்த ஆறு மாத பில்களை வைத்து இரண்டு முறையிலும் போட்டுப் பாருங்கள். ஒரு மாலை வேலைதான்.

மூன்று கட்டம் உங்கள் பாதைக்கு வருமா என்பது அடுத்த கேள்வி. தோட்டத்து ஓரமாக நீண்டு போகும் கம்பியின் கடைசி வீடுகளில் மாலையில் வோல்ட் இறங்கும். பல்பு மங்குவதை வைத்தே தெரிந்துகொள்ளலாம். அதிகம் இறங்கினால் கார் சார்ஜைத் தானாகக் குறைக்கும், அல்லது நிறுத்திவிடும். எனவே உங்கள் பிரதேச மின்சார அலுவலகத்தில் விண்ணப்பித்து, மதிப்பீட்டை எழுத்தில் வாங்கிய பிறகே காரைப் பற்றிப் பேசுங்கள். "கம்பம் போட வேண்டும், உங்கள் செலவு இவ்வளவு" என்று பதில் வந்தால் அந்தத் தொகையும் காரின் விலையில் ஒரு பகுதிதான்.

இறங்கும்போது எவ்வளவு திரும்பும்

ஆளும் சாமானுமாகச் சேர்த்து வண்டி 2,800 கிலோ என்று வையுங்கள். வெறும் வண்டியே ஏறக்குறைய இரண்டரைத் தொன். அதைக் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்குத் தூக்க 14 யூனிட்டுக்குச் சற்று மேல் வேண்டும். மோட்டர் இழப்பைச் சேர்த்தால் 16. இது ஏற்றத்துக்கு மட்டும். பாதையில் உருள்வதற்கு ஆகும் செலவு தனி, கிலோமீற்றருக்கு 0.22 யூனிட் என்று எடுங்கள். அவிசாவளையிலிருந்து ஹட்டன் வழியாக நுவரெலியாவுக்கு 120 கி.மீ. அளவு: உருள 26, ஏற 16, ஆக 42. கொழும்பிலிருந்து அவிசாவளைக்கு இன்னும் 13. மொத்தம் 55 யூனிட்.

இறங்கும்போது அந்த 14-ல் 11 வரை பேட்டரிக்குத் திரும்பலாம். ஆனால் இறங்கும்போதும் வண்டி உருள வேண்டுமே. அதற்கான 26 போக, அவிசாவளை வரை நிகரச் செலவு 15. கொழும்பு வரை 28. போய்வர மொத்தம் 83. புதிய பேட்டரியிலேயே அது சரியாக வழித்துத் துடைத்த கணக்கு. ஆறேழு வயதுப் பேட்டரி 75 யூனிட்தான் தரும் என்றால் கொழும்பில் ஒரு முறை சார்ஜ் போட்டே ஆகவேண்டும். கட்டுநாயக்கவுக்கு என்றால் தூரம் இன்னும் கூடும். ஆக, மலை சார்ஜைத் திருப்பித் தருவது உண்மை, இலவசமாகத் தருவதில்லை. ஏற்றத்தில் கொடுத்ததில் மூன்றில் இரண்டு பங்கு கைக்கு வரும்.

இதிலே ஒரு பொறி இருக்கிறது. வீடு மேலே இருப்பதால் உங்கள் ஒவ்வொரு பயணமும் இறக்கத்தில் தொடங்கும். இரவு 100 வீதம் நிரப்பிவிட்டு இறம்பொடைப் பக்கம் இறங்கினால், திரும்பி வரும் மின்சாரத்தை வைக்கப் பேட்டரியில் இடமில்லை. ஈ-ட்ரோனில் மேலே சிறிது ஒதுக்கிடம் விட்டிருப்பதால் கொஞ்சம் வாங்கும், ஆனால் குளிர்ந்த விடிகாலைப் பேட்டரி அதையும் தயங்கித்தான் வாங்கும். மிச்சமெல்லாம் பிரேக் டிஸ்க்கில் சூடாகப் போகும். முதல் 800 மீற்றர் இறக்கத்தில் மட்டும் 6 யூனிட். உங்கள் ஷவர் ஒன்றே முக்கால் மணி நேரம் விடாமல் ஓடும் வெப்பம். சாதாரண நாளில் இந்தக் காரின் பிரேக் பெடல், மெதுவான பிரேக்கிங்கை மோட்டர் வழியாகவே செய்துவிடும், பிரேக் பேட் தொடவே தொடாது. நிரம்பிய நாளில் அதே பெடல் முழுக்கப் பேட்டை நம்பியிருக்கும். வீட்டில் 80 அல்லது 85 வீதத்தில் நிற்கும்படி காரிலேயே வரம்பு வையுங்கள். பேட்டரி ஆயுளுக்கும் அதுவே நல்லது.

பேட்டரியை எப்படி அளப்பது

41,000 கி.மீ. என்பது பேட்டரியின் வயதைச் சொல்லாது. லித்தியம் செல்கள் ஓட்டத்தால் மட்டுமல்லாமல், சும்மா நிற்கும்போதும் தேயும். வெப்பத்தில் நிரம்பிய நிலையில் நின்றால் வேகமாகத் தேயும். கொழும்பு வெயிலில், கொட்டகையில், எப்போதும் 100 வீதத்தில் நிறுத்திவைத்த 41,000 கி.மீ. வண்டியைவிட, நன்றாக ஓடிய 90,000 கி.மீ. வண்டியின் பேட்டரி திடமாக இருக்கலாம். திரையில் காட்டும் "ஓடக்கூடிய தூரம்" என்ற எண்ணையும் நம்ப வேண்டாம். அது கடைசியாக ஓட்டிய விதத்தை வைத்துப் போடும் ஊகம். சமதரையில் மெதுவாக ஓட்டிவிட்டு நிறுத்தினால் அழகான எண்ணாகக் காட்டும்.

நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. வண்டியை 100 வீதம் ஏற்றி, பயண மீற்றரைப் பூச்சியமாக்கி, 20 வீதம் வரும்வரை ஓட்டுங்கள். ஒரே நாளில் முடியாவிட்டால் இரண்டு நாளில், இடையில் சார்ஜ் போடாமல். உதாரணமாக 260 கி.மீ. ஓடி, சராசரி 100 கி.மீ.க்கு 23 யூனிட் என்று காட்டினால், செலவு 59.8. அது 80 வீதத்துக்கான செலவு, முழுதுக்கு 74.8. அதை 83.6-ஆல் வகுத்தால் 89 வீதம். இந்த வயதுக்கு அது நல்ல பேட்டரி. 80-க்குக் கீழே வந்தால் நான் விலையைப் பற்றிப் பேசவே மாட்டேன், வண்டியை விட்டுவிடுவேன்.

அடுத்தது கணினிச் சோதனை. இந்த மொடலின் பேட்டரியில் 36 மொடியூல்கள் (செல்களை அடுக்கிய பெட்டிகள்), ஒவ்வொன்றிலும் 12 செல்கள். ஓபிடி (காரின் கணினியைப் படிக்கும் இணைப்பு) வழியாகச் செல்களின் வோல்ட்டைப் படிக்க முடியும். வண்டி ஓய்வாக நிற்கும்போது மிக உயர்ந்த செல்லுக்கும் மிகத் தாழ்ந்ததற்கும் இடையே சில மில்லிவோல்ட் வித்தியாசம்தான் இருக்க வேண்டும். பேட்டரி 20 வீதத்துக்கு இறங்கியபின் மறுபடி படிக்கச் சொல்லுங்கள். சோம்பல் செல் தன்னைக் காட்டிக்கொடுப்பது அடிமட்டத்தில்தான். பதிவாகியுள்ள பழுதுக் குறியீடுகளையும், உயர் வோல்ட் பக்கத்தின் காப்புத்தடை அளவையும் அச்சிட்டு வாங்குங்கள். சேசி எண் அச்சாகாத தாளை ஏற்காதீர்கள்.

"கெட்டால் ஒரு மொடியூலை மாற்றிக்கொள்ளலாம், கண்டியில் ஒரு மெக்கானிக் பாஸ் செய்வாராம்" என்றும் எழுதியிருந்தீர்கள். மொடியூலைத் தனியாக மாற்றும்படிதான் இந்தப் பேட்டரி வடிவமைக்கப்பட்டிருக்கிறது, உண்மை. ஆனால் உள்ளே இருப்பது 396 வோல்ட் நேர்மின்னோட்டம். அது ஓடும் செம்மஞ்சள் கம்பியில் தவறிக் கைவைத்தவர் இரண்டாம் தடவை கற்றுக்கொள்ள இருக்க மாட்டார். மாற்றும் மொடியூல் மற்றவற்றின் வோல்ட்டுக்குச் சமமாக்கப்பட வேண்டும், பேட்டரித் தட்டின் நீர்க்காப்புச் சீல் புதிதாகப் போடப்பட வேண்டும், குளிர்நீர் மறுபடி காற்றில்லாமல் நிரப்பப்பட வேண்டும். உயர் வோல்ட் பயிற்சியும் அதற்கான கருவியும் உள்ள இடத்துக்கு வெளியே இதைச் செய்ய விடாதீர்கள்.

வாரண்டியைப் பற்றி: தயாரிப்பாளரின் பேட்டரி உத்தரவாதம் 8 வருடம் அல்லது 160,000 கி.மீ., எது முந்துகிறதோ அது. வருடம் எண்ணத் தொடங்குவது இலங்கைப் பதிவிலிருந்து அல்ல, இங்கிலாந்தில் முதல் பதிவான நாளிலிருந்து. 2019-ல் பதிவான வண்டிக்கு 2027-ல் முடிகிறது. வேறு நாட்டில் விற்ற வண்டிக்கு இங்குள்ள முகவர் அதை ஏற்பாரா என்பதும் தனிக் கேள்வி. சேசி எண்ணைக் கொடுத்து, வாரண்டி செல்லுமா, திரும்ப அழைப்பு வேலை ஏதும் பாக்கியா என்ற இரண்டையும் முகவரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் வாரண்டி இல்லை என்று வைத்தே விலை பேசுங்கள்.

ஹொய்ஸ்ட்டில் ஏற்றிப் பார்க்க வேண்டியவை

வண்டியின் அடிப்பாகம் முழுவதும் பேட்டரித் தட்டுதான். அலுமினியக் காப்புத் தகட்டில் கீறல் இருக்கலாம், குழி இருக்கக் கூடாது. தோட்டப் பாதைக் கல் ஒன்று தூக்கியடித்த குழி உள்ளே செல்வரை போயிருக்கிறதா என்று வெளியே இருந்து சொல்ல முடியாது.

காற்றுச் சஸ்பென்ஷனுக்கு எளிய சோதனை: மாலையில் நான்கு சக்கரங்களிலும் சக்கர மையத்திலிருந்து மட்காட் விளிம்புவரை டேப்பால் அளந்து எழுதி வையுங்கள். காலையில் வண்டியைத் திறப்பதற்கு முன்பே மறுபடி அளவுங்கள். திறந்தாலே கம்ப்ரஸர் ஓடி வண்டியைத் தூக்கிவிடும், கள்ளம் மறைந்துவிடும். ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் அங்கே கசிவு.

இந்தக் காரில் குளிர்நீர் 22 லீற்றர், குழாய்கள் 40 மீற்றர் நீளம். மோட்டரின் சுழலும் தண்டுக்குள்ளேயே நீர் ஓடும். அந்தச் சீல் கசிந்தால் நீர் மோட்டருக்குள் போகும். எனவே குளிர்நீர் மட்டம், மோட்டர் அடியில் ஈரத் தடம், சேவைப் பதிவில் "குளிர்நீர் நிரப்பப்பட்டது" என்ற வரி எத்தனை தடவை வருகிறது, இவற்றைப் பாருங்கள். பின் டிஸ்க்குகளில் துரு வரி இருந்தால் அது பெரிய குறை அல்ல. பிரேக் தேவைப்படாமலே ஓடியதன் அடையாளம். ஆனால் பள்ளம் விழுந்திருந்தால் மாற்றியாக வேண்டும்.

வெள்ளம். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் களனி ஆற்றோரம் எத்தனை வாகனங்கள் மூழ்கின என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். அவற்றில் சில கழுவித் துடைத்து விற்பனைக்கு வரும். எல்லாச் சீட் பெல்ட்டையும் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், அடிநுனியில் சேற்று வரி தெரியும். சீட் தண்டவாள போல்ட்டில் துரு, கம்பளத்தைத் தூக்கினால் மண் வாசம். பெற்றோல் காரென்றால் இதைச் சகித்து வாங்குபவர்கள் உண்டு. மின்காரில் வேண்டவே வேண்டாம்.

சோதனை ஓட்டத்தைக் கொழும்புச் சமதரையில் முடிக்காதீர்கள். கண்டி வீதியில் கடுகண்ணாவை ஏற்றம்வரை கொண்டுபோங்கள். ஏறும்போது சக்தி குறைப்பு எச்சரிக்கை வருகிறதா, இறங்கும்போது ஸ்டியரிங் பின்னாலுள்ள துடுப்பை இழுத்தால் வண்டி அடங்குகிறதா, திரையில் பச்சை அளவு ஏறுகிறதா. பிறகு மூன்று கட்டச் சார்ஜரில் அரை மணி நேரம் போட்டு 11 கிலோவாட் ஏறுவதையும், வேகச் சார்ஜரில் ஒரு தடவை பிடிப்பதையும் பாருங்கள். இங்கிலாந்து வண்டி என்றால் சிசிஎஸ் 2 என்ற வகை வேகச் சார்ஜ் வாய் இருக்கும். ஜப்பான் சந்தைக்குச் செய்ததில் சாடெமோ என்ற வேறு வகை வாய். நீங்கள் போகும் வழியிலுள்ள சார்ஜர்களில் எந்தத் துப்பாக்கி (காரில் செருகும் முனை) இருக்கிறது என்று முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

"ஓபன் பேப்பர்" வேண்டாம்

புத்தகத்தில் பெயர் உள்ளவர் ஒருவர், விற்பவர் இன்னொருவர். நடுவில் கைமாறியது எங்கும் பதிவாகவில்லை. கையெழுத்திட்ட படிவத்தை வைத்துக்கொண்டு பணம் வாங்குபவர் நாளை இல்லாமல் போனால், பதிவு உரிமையாளர் "நான் விற்கவில்லை" என்றாலோ இறந்துபோனாலோ நீங்கள் நீதிமன்றப் படியில்தான் நிற்பீர்கள். அதைவிட முக்கியம் 'அப்சலூட் ஓனர்' என்ற இடம். அங்கே லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்த கடிதமும் பெயர் நீக்கமும் வரும்வரை வண்டி அவர்களுடையது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் வாகன விபரத்தை நீங்களே எடுத்துப் பாருங்கள், விற்பவர் அனுப்பும் வட்ஸ்அப் படத்தை நம்பாதீர்கள். சேசி எண்ணை முன்கண்ணாடிக்குக் கீழும் கதவுத் தூணிலும் புத்தகத்திலும் சுங்கப் பத்திரத்திலும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள்.

"பிழை இருந்தால் பாவனையாளர் அதிகார சபைக்குப் போகலாம்தானே" என்று கேட்டிருக்கிறீர்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் வியாபாரியிடம் வாங்குபவருக்குத்தான் பெரிதும் உதவும். தன் சொந்த வண்டியை விற்கும் தனியாளிடம் வாங்கினால், எழுதி வைத்ததே உங்கள் பலம். ஆகவே ஓட்டம், விபத்து, வெள்ளம், பேட்டரி வீதம் ஆகிய நான்கையும் விற்பவரின் வாக்குமூலமாகச் சட்டத்தரணி முன் எழுதுவியுங்கள். பதிவு உரிமையாளரே வந்து கையெழுத்திடட்டும், அடையாள அட்டையோடு. இதற்கு ஒப்பாதவரிடம் பதினெட்டு இலட்சம் மிச்சம் பிடிக்கத் தேவையில்லை.

காப்புறுதியில் ஒரு விஷயத்தை நீங்கள் எழுதவே இல்லை. காசுக்கு விருந்தினரை ஏற்றுவது தனிப்பட்ட பாவனை ஆகாது. அதை மறைத்துப் பொலிசி எடுத்தால், விபத்தன்று கம்பனி முதலில் கேட்பது பின்சீட்டில் இருந்தவர் யார் என்றுதான். வாடகைப் பாவனை, மண்சரிவு, வெள்ளம், மின்னல், இழுத்துச்செல்லும் செலவு ஐந்தையும் பெயர் சொல்லிச் சேர்க்கச் சொல்லுங்கள். இந்தக் காரைச் சக்கரம் உருளக் கட்டி இழுக்கக் கூடாது, தட்டு லொறியில்தான் ஏற்ற வேண்டும். கினிகத்தேனை வளைவில் நின்றுபோனால் அந்த லொறி எங்கிருந்து, எத்தனை மணிக்கு வரும் என்பதையும் அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் முன்னுள்ள வழிகள். பேட்டரி 85-க்கு மேல், பதிவு உரிமையாளர் நேரில், மூன்று கட்ட மதிப்பீடு கையில்: இந்த மூன்றும் கூடினால் வாங்கலாம். அப்போதும் விலையில் பத்துப் பதினைந்து வீதத்தைக் கையில் ஒதுக்குங்கள். நான்கு டயர், ஒரு காற்று ஸ்பிரிங், 12 வோல்ட் பேட்டரி என்று முதல் வருடமே கேட்கும். அந்தச் சின்ன 12 வோல்ட் செத்தால் பெரிய பேட்டரி நிரம்பியிருந்தாலும் வண்டி விழிக்காது. மூன்றில் ஒன்று குறைந்தாலும், முகவர் வாரண்டி உள்ள சிறிய மின்காரை நான் பரிந்துரைப்பேன். எடை குறைந்த கார் மலையில் குறைவாகவே கேட்கும். 1,700 கிலோ கார் ஆளோடு 2,000 கிலோ என்றால் அதே நுவரெலியாவுக்கு ஏற 12 யூனிட் போதும். மூன்று கட்டமே கிடைக்காது, மாதத்தில் எட்டுப் பத்து விமான நிலையப் பயணம் என்றால் ஹைபிரிட்தான் நிம்மதி. மின்காருக்காக எழுதுபவன் இதைச் சொல்வது விசித்திரமாக இருக்கலாம், ஆனால் அறை வாடகையில் ஓடும் வீட்டுக்கு நேரத்துக்குப் போய்ச்சேரும் வண்டி வேண்டும்.

உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள்: நுவரெலியாக் குளிர் பேட்டரிக்கு நண்பன். ஆண்டுச் சராசரி 16 பாகை. செல்கள் அங்கே கொழும்பைவிட மெதுவாகத்தான் கிழடாகும். ஜனவரிப் பனியில் காலையில் சார்ஜ் சற்று மெதுவாக ஏறும், இறக்கத்தில் திரும்பி வருவதும் முதல் சில கிலோமீற்றர் குறைவாக இருக்கும், அவ்வளவுதான். கெடுவது வேறு: மூடுபனி ஈரத்தில் பிரேக் டிஸ்க் துருவேறும். வாரம் ஒரு தடவை நல்ல பாதையில் நான்கைந்து முறை அழுத்திப் பிரேக் பிடித்தால் துடைத்துவிடும்.

அப்பாவின் கேள்விதான் கடிதத்திலேயே நல்ல கேள்வி. சார்ஜர் வாயைக் காரில் செருகியதும் கரண்ட் வராது. காரும் சார்ஜரும் மெல்லிய சைகையால் பேசி, எர்த் சரியாக இருக்கிறது என்று உறுதியான பிறகே உள்ளே சுவிட்ச் மூடும். ஆகவே மழையில் போடலாம், எர்த் இருந்தால். அங்கேதான் மலையக வீடுகளில் பிழை. கட்டும்போது எர்த்துக்காக நிலத்தில் அடித்த செம்புக் கோல் பாறையில் முட்டி இரண்டடியில் நின்றிருக்கும், அல்லது மெயின் போர்டிலிருந்து வரும் கம்பி துருப்பிடித்து அறுந்திருக்கும். தகுதியுள்ள மின்னிணைப்பாளரை எர்த் டெஸ்டரோடு வரச்சொல்லி அளந்து, எண்ணை எழுதி வாங்குங்கள். சார்ஜருக்கென்று போர்டிலிருந்து தனிக் கம்பி, தனி 30 மில்லிஆம்ப் ட்ரிப் சுவிட்ச். அது டைப் ஏ வகையாக இருக்கட்டும், சார்ஜருக்குள் 6 மில்லிஆம்ப் நேர்மின் கசிவைக் கண்டறியும் பகுதி இல்லையென்றால் டைப் பி. சித்திரை, ஐப்பசி இடி மின்னலுக்கு மெயினில் சர்ஜ் காப்பும் வேண்டும். அளக்கும்போது அப்பாவைப் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள், மீற்றரின் முள்ளை அவரே பார்க்கட்டும்.